இருபத்தேழு பாயிண்ட் காற்று

காற்றுக்கு வேலூரில் விலை சக்கரத்துக்குப் பத்து ரூபாய். மூக்கு வழியாகப் போனால் இலவசம், டயர் வழியாகப் போனால் பத்து. மதியழகனின் ஜீப்புக்கு மட்டும் இருபது.

"டயர் சைஸ பாரு தம்பி, என் கம்ப்ரசரே மூச்சு வாங்குது" என்பார் டயர் கடை அப்துல் வஹாப். யானைக்கால் போன்ற அந்த நாலு டயர்களையும் போன மாதம் புகழ்ந்து புகழ்ந்து அவன் தலையில் கட்டியவரும் அவர்தான்.

சும்மா சொல்லக்கூடாது, டயர் தேவைப்பட்டது. அணைக்கட்டு என்ற ஊருக்கு மேற்கே, ஓடையைத் தாண்டி, நாலு மைல் கல்லுப் பாதையின் கடைசியில் இருக்கிறது மதியழகனின் வீடு. ஆட்டோ ஓடையோடு திரும்பிவிடும். காருக்கு வயிறு கிழியும். ஆம்புலன்ஸ்காரர் தார் முடியும் இடத்தில் ஹார்ன் அடித்துவிட்டுக் காத்திருப்பார். அந்தப் பாதையில் இன்று அவன் தங்கை ஜோதியை அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். சிசேரியன் ஆகி ஒன்பது நாள். "குலுங்காம கூட்டிட்டுப் போங்க, தையல் பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் டாக்டரம்மா, குலுங்குவதும் குலுங்காததும் டிரைவர் மனசில் இருப்பதுபோல.

முந்தைய நாளே பின் சீட்டில் ஒரு குடம் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்த்திருந்தான். வீடு சேர்ந்தபோது பாதி குடத்தில் இருந்தது, மீதி சீட்டில்.

விடிந்ததும் விடியாததுமாக வஹாபின் கடையில் போய் நின்றான்.

"நாப்பது பாயிண்ட் வெச்சீங்களே பாய், குடம் கவுந்துபோச்சு."

"குடத்த யாரு ஏத்த சொன்னது?"

"நாளைக்கு... இல்ல, இன்னிக்கே என் தங்கச்சி ஏறப்போறா. எவ்ளோ வெக்கணும்னு கரெக்டா சொல்லுங்க."

"டயர் மேலயே ஐம்பதுன்னு அச்சடிச்சிருக்கான். உனக்காகத்தான் பத்து கம்மி பண்ணி நாப்பது வெச்சேன்."

"அது டயர் தாங்குற அளவு பாய். வெக்கிற அளவு இல்ல!"

"சரி, பேஜார் பண்ணாத. முப்பத்தெட்டு. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

தலையில் அடித்துக்கொண்டு மச்சான் கோபிக்குப் போன் போட்டான். ஜோதியின் கணவன் கோபி, ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். எதைக் கேட்டாலும் போனைப் பார்த்துச் சொல்லுவான். பார்த்தான்.

"பதினஞ்சு மச்சான். அதுக்கு மேல வெக்கறவன் இந்த டயர் போட்டதே வேஸ்ட்டுன்னு ஜீப்காரங்க குரூப்ல போட்டிருக்கான்."

"யாரு போட்டது?"

"பேரு தெரில. போட்டோல மலை உச்சில நிக்கறான்."

மதியழகன் பத்து வருஷம் ஆம்பூர்த் தோல் மண்டிகளுக்கு லோடு வண்டி ஓட்டியவன். அங்கே தோல் விலையில் ஒருவர் அறுபது என்பார், மற்றவர் நாற்பது என்பார். இருவரும் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்கள், செருப்பை மாட்டுவதற்குள் திரும்பி வருவார்கள், டீ குடிப்பார்கள், ஐம்பதில் முடியும். இப்படி ஆயிரம் பேரம் முடிவதைப் பார்த்தவனுக்கு வேறெப்படிக் கணக்குப் போட வரும்? பாய் முதலில் வைத்தது நாற்பது, மச்சான் சொன்னது பதினைந்து. நடுவில் இருபத்தேழரை. அரையைச் சிநேகத்துக்காகத் தள்ளி, நாலு சக்கரத்துக்கும் இருபத்தேழு.

"இருவத்தேழா? கட்டுப்படி ஆகாது தம்பி" என்றார் வஹாப், தன் சொந்தக் காற்று வீணாவதுபோல. பிறகு இறக்கி வைத்துவிட்டார்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஜோதி ஏறினாள். வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டாள். பக்கத்தில் கோபி, கோபியின் கையில் குழந்தை. அணைக்கட்டு வரைக்கும் தார் ரோட்டில் ஜீப் சொன்ன பேச்சைக் கேட்டது. மதியழகனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, நடு ரேட்டு!" என்றான்.

ஓடை தாண்டியது. பாதையின் முதல் கல்லில் சக்கரம் ஏறி இறங்கியது.

"அம்மா!"

ஜோதி கத்திய சத்தத்தில் மதியழகனின் கால் தானாகப் பிரேக்கில் போய் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தான். அவள் முகம் வெளுத்திருந்தது. இன்னும் நாலு மைல். இந்தக் கல்லுக்கே இப்படியென்றால் தையல் வீடு வரை தாங்காது.

"நாப்பது வெச்சாலும் குத்துது, இருவத்தேழு வெச்சாலும் குத்துது! லட்ச ரூபா டயரு, இதுக்கு மாட்டு வண்டியே மேல்!" என்று ஸ்டியரிங்கைக் குத்தினான்.

"நான் அப்பவே பதினஞ்சுன்னேன்" என்றான் கோபி.

"பதினஞ்சு வெச்சுகினு வேலூர்லேர்ந்து தார் ரோட்டுல வந்திருந்தா டயர் சூடாகி வெடிச்சிருக்கும்! உன் மலை உச்சிக்காரன் அதப் போட்டிருக்கானா?"

"நீ இன்னா மச்சான் என்மேல..."

"ரெண்டு பேரும் வாய மூடுறீங்களா?" ஜோதியின் குரல் மெதுவாகத்தான் வந்தது. இருவரும் மூடினார்கள். "ஊரெல்லாம் கேட்டீங்களே, உள்ள உக்காந்திருக்கறவள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

ஜோதியின் வேலை வேறு யாருக்கும் வாய்க்காத வேலை. ஷூ கம்பெனியில் புது மாடல் தைத்து முடித்ததும் முதலில் அவள் காலில்தான் மாட்டுவார்கள். அச்சில் வார்த்த முப்பத்தேழாம் நம்பர் கால். பத்து அடி நடந்து, "சுண்டு வெரல் பக்கம் கடிக்குது" என்பாள். டிசைன் போட்டவர்கள் அளவுநாடாவை எடுத்தால் அங்கே அரை மில்லிமீட்டர் குறைந்திருக்கும். அவளை எதிர்த்துப் பேசி ஜெயித்த சூப்பர்வைசர் கிடையாது. கோபி அதில் தோற்றுத்தான் கல்யாணம் செய்துகொண்டான்.

"நம்பர பாத்தா கடி தெரியாதுண்ணா. போட்டவதான் சொல்லணும். நாலுலயும் இருவது வெச்சு, பின்னாடி போய் அதே கல்லு மேல ஏத்து."

"மறுபடியுமா? தையல் ஜோதி..."

"நாலு மைல் வலிக்கறதுக்கு இங்கயே ரெண்டு தரம் வலிச்சிட்டுப் போட்டும். ஏத்து."

குழந்தையை அவளிடம் தந்துவிட்டுக் கோபி இறங்கினான். சாவி முனையால் வால்வை அழுத்தினான். வஹாபின் இருபது ரூபாய்க் காற்று ஓடைக்கரையில் சீறிக்கொண்டு போனது. மதியழகன் காற்றளக்கும் கேஜை வைத்து வைத்துப் பார்த்தான். குழந்தை மறுபடி கோபியிடம் வந்ததும் ஜீப் பின்னால் போய், கல்லில் ஏறி இறங்கியது. ஜோதி பல்லைக் கடித்தாள்.

"முன்ன குத்துச்சு, இப்ப இடிக்குது. இடி பின்னாலேர்ந்துதான் வருது. இன்ஜின் கனம் முன்னாடி இருக்கு இல்ல? முன்னாடி பதினேழு போதும். பின்னாடி பதினஞ்சு."

மீண்டும் சாவி, மீண்டும் சீறல், மீண்டும் கல். இந்தத் தடவை அவள் கத்தவில்லை, முகத்தைத்தான் சுளித்தாள்.

"எடது பக்கம் பின்சக்கரம் கொழையுது. ஒண்ணு கம்மி."

"எல்லாம் பதினஞ்சுதான். நானே வெச்சேன்" என்றான் கோபி.

மதியழகன் இறங்கிக் கேஜை வைத்தான். பதினாலு. மச்சானை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து கால் பம்ப்பை எடுத்து அவன் முன்னால் போட்டான்.

இறக்குவதற்குச் சாவி போதும். ஏற்றுவதற்குத்தான் கால் வேண்டும். அந்தப் பெரிய டயருக்குள் ஒரே ஒரு பாயிண்ட் ஏற எழுபது மிதி ஆனது. கோபியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

நாலாவது தடவை கல்லில் ஏறும்போது மதியழகன் பாதையைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தான். சக்கரம் கல்லை அப்படியே உள்வாங்கிக்கொண்டு இறங்கியது. தலையணையை அழுத்தியிருந்த ஜோதியின் கை தளர்ந்தது. குழந்தை ஒரு கொட்டாவி விட்டது.

"போலாம்" என்றாள்.

நாலு மைலை ஒன்றரை மணி நேரத்தில் கடந்தார்கள். அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். தையல் தையலாகவே இருந்தது.

கோபி கை கால் கழுவிக்கொண்டு படுக்கப் பாய் தேடியபோது மதியழகன் வாசலிலிருந்து குரல் கொடுத்தான். "மச்சான், காலைல ஆறு மணிக்கு எனக்கு வேலூர்ல லோடு. இந்தக் காத்தோட தார் ரோட்டுல ஏற முடியாது. பஞ்சர் கட அணைக்கட்டுலதான் இருக்கு, அவன் தொறக்க ஒம்பது மணி ஆவும்."

"அதுக்கு?"

ஜோதி படுத்தபடியே ஆஸ்பத்திரிச் சீட்டைத் திருப்பி, அதன் முதுகில் கம்பெனியில் எழுதுவதுபோலவே எழுதி நீட்டினாள்:

முன் சக்கரம் இரண்டும், 27-லிருந்து 17. இறக்கியது 20.
பின் வலது, 27-லிருந்து 15. இறக்கியது 12.
பின் இடது, 27-லிருந்து 14. இறக்கியது 13.
மொத்தம் 45. ஏற்றியது 1. பாக்கி 44.
பாயிண்டுக்கு 70 மிதி வீதம், 3080 மிதி.
பொறுப்பு: கோபி.