சக்தியெல்லாம் கொடுத்த தண்ணீர்

பழைய இரும்பு எடுக்கும் கபாடிவாலாவின் வண்டி கல்லூரி வாசலில் வந்து நின்றுவிட்டது. லேப் டெக்னீஷியன் இந்திராணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்து வருஷமாக மூலையில் துருப்பிடித்துக் கிடந்த, தண்ணீர் வேகத்தில் சுற்றும் பெல்டன் சக்கரத்தை, "நான் ஓட வைக்கிறேன்" என்று வீம்புக்குச் சொல்லிவிட்டு, கிட்வாய் நகர் வீட்டிலிருந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து கழற்றி மாட்டியவள் அவள். இன்றைக்கு ஓடாவிட்டால் சக்கரம் வண்டியில் ஏறிவிடும்.

பம்ப் போட்டாள். குழாயின் கூம்பு முனையிலிருந்து தண்ணீர் கம்பி மாதிரி பாய்ந்தது. நேற்று சக்கரக் கூட்டின் மூடியைத் திறந்து பார்த்தபோது, இதே பாய்ச்சல் அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் மக்கைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருந்தது. அத்தனை வேகமும் எங்கே போயிற்று? சக்கரம் கடனே என்று சுற்றியது. சக்கரத்தின் பலத்தை அளக்கும் பிரேக் கயிற்றில் இரண்டு எடைக்கல் தொங்கவிட்டதும் நின்றே போனது.

"விட்டுருங்கம்மா. அதுக்கும் வயசாயிட்டு. வண்டிக்காரன் வேற ஜல்தி ஜல்திங்கான்," என்றார் டேவிட்சன் சார். நாகர்கோவில்காரர். பதினெட்டு வருஷமாக இந்தப் பாடத்தைக் கரும்பலகையிலேயே ஓட்டியவர். சக்கரத்தைப் பழைய இரும்புக்குப் போடும் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

இந்திராணி கூட்டின் கண்ணாடி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். சக்கரத்தின் விளிம்பு முழுக்க இரட்டைக் கிண்ணங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே கத்தி போல ஒரு மேடு. தண்ணீர் அந்த மேட்டில் பட்டு இரண்டாகப் பிளந்து, கிண்ணங்களுக்குள் வளைந்து திரும்ப வேண்டும். இங்கேயோ கிண்ணங்களின் முதுகில் பட்டுச் சிதறிக்கொண்டிருந்தது.

"சார், தப்பு என்னோடதுதான். சக்கரத்தை முன்பின்னா மாத்தி மாட்டிட்டேன். அரை மணி நேரம் குடுங்க."

"அதுக்குப் பொறவு கேக்கப்பிடாது," என்றவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வெளியே தில்லி வெயிலில் வண்டிக்காரன் ஹாரனை அழுத்தினான். "பையா, ருக்கோ!" என்று அவனை நிற்கச் சொல்லி அறை ஜன்னல் வழியாகக் கத்திவிட்டு ஸ்பேனரை எடுத்தாள்.

இருபத்தைந்தாவது நிமிஷம் பம்ப் மறுபடி உறுமியது. சக்கரம் சுற்றிய சுற்றில் கிண்ணங்களே தெரியவில்லை, ஒரு வெள்ளி வட்டம்தான் தெரிந்தது. இந்திராணி எடைக்கற்களை எடுத்தாள். கயிற்றில் இரண்டு கல், நான்கு கல், ஏழு கல் போட்டாள். வேகம் பாதியாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. அதுவரை கண்ணாடியில் சீறி அடித்துக்கொண்டிருந்த தண்ணீர் அடங்கி, கிண்ணங்களிலிருந்து நழுவி, கீழே தொட்டியில் சும்மா விழுந்தது.

டேவிட்சன் சார் எழுந்து வந்தார். சட்டைக் கையை மடிக்கக்கூட மறந்து, சக்கரத்துக்கு அடியில் விழும் தண்ணீரில் கையை நீட்டினார்.

"இது அந்தத் தண்ணியாம்மா?"

"அதே தண்ணிதான் சார்."

"சக்தியெல்லாம் குடுத்துட்டுல்லா வருது! கடைசில வேகம் மிஞ்சாதுன்னு வருஷா வருஷம் போர்டுல எழுதினேன். ஒரு நாளாவது தொட்டுப் பாத்தனா?"

வெளியே மறுபடியும் ஹாரன் கேட்டது.

"அந்த வண்டிய அனுப்பிருங்கம்மா," என்றார், கையை எடுக்காமலே.