கேசிங் பைப் உருவிய குழி

எடப்பாடிக்குக் கிழக்கே அப்புசாமியின் தோட்டத்தில் போன சித்திரையில் மணிமாறனின் ரிக் லாரி ஆழ்துளைக் கிணறு போட்டது. ஆயிரம் அடி போயும் புழுதிதான் பறந்தது. மேல்மண் சரியாமலிருக்க இறக்கிய கேசிங் பைப்பை வீணாக விட்டுவைப்பானேன் என்று, மணிமாறன் அதை உருவி அடுத்த வேலைக்கு எடுத்துக்கொண்டார். தொழிலில் பலரும் செய்வதுதான். ஆனால் குழியின் வாயில் பெரிய கல்லாக வைத்து மூடியிருக்க வேண்டும். அடுத்த தோட்டக்காரர் போன்மேல் போன் போட்டதால், ஒரு சாக்கை மட்டும் விரித்துவிட்டுக் கிளம்பினார்.

பைப் இல்லாத குழி மழையில் சரிந்து அகலும். ஐப்பசியில் அப்புசாமியின் சினைமாடு அதில் காலை விட்டு ஒடித்துக்கொண்டது. பிழைக்கவில்லை.

"கல்லு வெச்சு மூடிட்டுத்தான் வந்தோமுங்க" என்றார் மணிமாறன். அப்படியானால் கல்லை எடுத்தவர் யார்? தோட்டத்தில் இருபது வருடமாக வேலை செய்த அம்மாசிதான் என்று முடிவானது. மாரியம்மன் கோயில் வாசலில் அம்மாசி வேறு வழியில்லாமல் அப்புசாமியின் காலில் விழுந்து, செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொண்டார். வேலையும் போனது.

பங்குனியில் மாரியம்மன் நோம்பிக்கு மணிமாறனின் தங்கை பிரபா ஊருக்கு வந்திருந்தாள். நாமக்கல் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்துபவள். மத்தியானம் உட்கார்ந்து, பழைய சீனாவின் பாவமன்னிப்புச் சடங்குகளைப் பற்றிய தன் ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"சீனாக்காரன் செஞ்ச பாவத்தை நீ எதுக்கு அம்மணி திருத்தற?" என்று கேட்டார் மணிமாறன்.

"எழுத்துப்பிழையைத்தான் திருத்தறேனுங்ணா. பாவத்தை அவங்களே பாத்துக்கிட்டாங்க."

"எப்படிப் பாத்துக்கிட்டாங்க?"

பிரபா பேனாவை மூடிவைத்தாள். புத்த மடங்களில் துறவிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடி விதிகளை ஓதுவார்கள். மீறியவர், இன்னதைச் செய்தேன் என்று சக துறவியிடம் சொல்ல வேண்டும். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சின்னக் கூட்டம் என்பதால் அது சாத்தியமானது. ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன் சீனாவில் அந்தப் பழக்கம் மடத்துக்கு வெளியே பரவியது. அரசர்களும் குடும்பப் பெண்களும் வந்தார்கள். அத்தனை பேரின் குற்றத்தையும் தனித்தனியாகக் கேட்பது எப்படி? மனிதர்கள் செய்யக்கூடிய குற்றங்களை முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். அதைச் சேர்ந்து வாசித்து, புத்தர்களின் பெயர்களைச் சொல்லி விழுந்து வணங்கினார்கள். பிற்பாடு, செத்துப்போன தாய் தகப்பனுக்காகவும் பிள்ளைகள் அதைச் செய்வித்தார்கள்.

"அப்ப அவனவன் தப்பைத் தனியாச் சொல்ல வேண்டியதில்ல?" மணிமாறனின் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

"வாய்விட்டுச் சொல்லோணும்னு இல்லீங்ணா. ஆனா பட்டியல் எதுக்கு? அதுல நூறு வரி அடுத்தவங்களுது. ஒரு வரி நம்மளுது. அது வரும்போது நமக்குத் தெரிஞ்சிரும்னு நான் நெனைக்கறேன்."

மணிமாறன் எழுந்து போனார்.

மறுநாள் கோயிலில் பூசை முடிவில் பூசாரி சொல்லச் சொல்ல, ஊரே கைகூப்பித் திருப்பிச் சொன்னது. "தெரிஞ்சும் தெரியாமயும் செஞ்ச தப்பைப் பொறுத்துக்கோ, தாயி."

தன் தப்பும் இந்த ஒரு வரியோடு கழிந்துவிடும் என்றுதான் மணிமாறன் ஐந்து மாதமாகக் காத்திருந்தார். வாயைத் திறந்தபோது, கோயிலுக்கு வெளியே வேலியோரம் நின்ற அம்மாசியும் கண்களை மூடி அதையே சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனார்.

"அம்மாசியண்ணா." அதுவரை வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார். "அன்னைக்கு நான் கல்லே வெக்கல. சாக்குதான் போட்டேன். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

அம்மாசி அவரை நிதானமாகப் பார்த்தார். "கல்லு இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. தோட்டத்துப் பண்ணாடிக்குத்தான் தெரியாது." அப்புசாமி நின்ற கோயில் வாசலைக் காட்டினார். "நான் விழுந்த எடமும் அதுதானுங்க."

மணிமாறன் அங்கே போனார். பைப்பை உருவியதிலிருந்து ஒவ்வொன்றாக, மேளக்காரர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

அப்புசாமி கேட்டு முடித்து, வேலிப்பக்கம் திரும்பி, "அம்மாசி, இங்க வா" என்றார்.

அம்மாசி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மேளம் நின்றிருந்தது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அப்புசாமிதான் வேலியை நோக்கி நடந்தார்.