தோற்றுக்கொண்டிருந்த சங்கமும் ஒரு மைக்கும்

1

“பிள்ளை, நீ எந்தப் பக்கம்?”

கடை முதலாளி பாறூக் நானா இப்படிக் கேட்டதிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. கேட்டவுடன் பதில் சொல்ல எனக்கு வராது. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டுக்குப் போய் யாருக்கும் தெரியாமல் எழுதிப் பார்த்தால்தான் என் பதில் எனக்கே தெரியவரும்.

அது 2005. வவுனியாவில் நானாவின் இன்டர்நெற் கடையில் தமிழ் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எங்கள் சந்தையை ஊருக்கு வெளியே மாற்றவேண்டும் என்று நின்ற புதுச்சந்தைக் குழுவுக்கு ஓர் இணையத்தளம் இருந்தது. அதிலுள்ள பொய்களை அச்செடுத்துத் தரும்படி சந்தைப் பெண்கள் சங்கத் தலைவி விமலேஸ்வரி அக்கா சொல்லியிருந்தார். நானோ அச்செடுப்பதை மறந்து, வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். நானா பார்த்துவிட்டார்.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘ஏழைப் பெண்களின் வயிற்றிலடிக்கப் புறப்பட்ட வஞ்சகர் கூட்டமொன்று, கணினி என்னும் மாய –’

நிறுத்திவிட்டேன். இது கதையில்லை, எங்கள் சங்கத்தின் துண்டுப்பிரசுரம். அதையும் நான்தான் தட்டச்சு செய்வேன். கை பழகிவிட்டது.

நேராகவே சொல்கிறேன். நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். நகரசபையின் இரண்டு கூட்டங்களில் எங்களுக்குக் கை தூக்க ஆளில்லை. அடுத்த கூட்டத்தில் சபை முடிவெடுத்துவிடும். புதுச்சந்தை வரப்போகும் இடத்தில் பஸ் நிற்காது. புளியங்குளத்திலிருந்து கூடையோடு வரும் பெண்களுக்கு அதோடு வியாபாரம் முடிந்தது.

3

இனி, நான் ஏன் சிரித்தேன் என்பது.

புதுச்சந்தைக் குழுவினர் தங்கள் இணையப் பக்கத்தில் ஊரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: ‘மழை வந்தால் சந்தையில் எங்கே ஒதுங்குகிறீர்கள்?’ கீழே யாரும் எழுதலாம். ஒருவர் திட்டியே எழுதியிருந்தார்: ‘குழுத் தலைவர் பிரசாந்தன் தன்னுடைய கடைக்குப் பக்கத்தில் சந்தை வேண்டுமென்றுதான் இந்த ஆட்டம் ஆடுகிறார்.’ அதை அவர்கள் அழிக்கவில்லை. அதன் கீழே பிரசாந்தனே பதில் போட்டிருந்தார்: ‘ஓம் அண்ணை, என்ர கடையும் அங்கைதான். ஆனால் கூரையும் அங்கைதான்.’

எதிரியாக இருந்தாலும் சிரிப்பு வந்தது.

எங்களிடம் இருந்தது நடராசா அண்ணையின் ஒலிபெருக்கி ஓட்டோ. ஊரில் யார் செத்தாலும் அறிவிப்பவர் அவர்தான். அவருக்கு வேறு குரல் கிடையாது. “எமது சந்தை... எமது உரிமை...” என்று அவர் இழுத்துத் தொடங்கினால் சனம் வாசல் படலைக்கு ஓடிவரும்.

“ஆர் மோசம் போனது?”

“ஒருத்தரும் இல்லை. சந்தை விசயமாம்.”

“அப்பாடா!”

உள்ளே போய்விடும்.*

(* கூட்டிச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் செத்தவீட்டுக்குப் போக வெள்ளைச் சேலையே எடுத்துவிட்டார்கள்.)

4

விமலேஸ்வரி அக்காவை எப்படி எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பம். ஒருமுறை எழுதியபோது வாயாடியாக வந்தார். மறுமுறை அம்மன் சிலையாக வந்தார். இரண்டையும் விட்டுவிட்டு, அன்று கடையில் பேசியதை அப்படியே தருகிறேன்.

“அச்செடுத்திட்டியே?”

“ஓம் அக்கா.”

“எவ்வளவு பொய் கிடக்கு?”

“பொய் குறைவு அக்கா.”

“அப்ப என்னத்தையடி அச்செடுத்தனி?”

“அவை சனத்திட்டக் கேக்கினம் அக்கா. நாங்கள் சொல்லிப்போட்டுப் போறம்.”

என் வாயிலிருந்து ஒரே மூச்சில் இவ்வளவு வந்தது எனக்கே புதினம். அக்கா தாள்களைப் புரட்டினார். பிரசாந்தனைத் திட்டி எழுதியிருந்த இடத்தில் நின்றார்.

“இதை ஏன் அழிக்காமல் விட்டவை?”

“அதாலதான் மற்றதையும் சனம் நம்புது.”

“எங்கட பொம்பிளையளிட்டக் கொம்பியூட்டர் இல்லையே, பிள்ளை.”

“மைக் இருக்கு. ஓட்டோவை நிப்பாட்டி வெளிய சனத்திட்ட நீட்டுங்கோ.”

5

சந்தை நாள். ஓட்டோ சந்தியில் நின்றது. அக்கா மைக்கை வாங்கினார்.

“சந்தை இஞ்சையே இருந்தா உங்களுக்கு என்ன கரைச்சல், என்ன கஷ்டம்? வந்து சொல்லுங்கோ.”

முதலில் வந்தவர் கருவாடு விற்கும் மீனம்மா, எங்கள் சங்கத்து ஆள்.

“கரைச்சலே நீதான் விமலேஸ்! மரநிழல் முழுக்க உன்ர கத்தரிக்காய். நான் வெயிலுக்க.”

“கருவாட்டுக்கு வெயில் நல்லம்தானே,” என்றார் நடராசா அண்ணை.

“கருவாட்டுக்கு நல்லம். எனக்கு?”

தெருவே சிரித்தது. அக்காவின் கை ஒலிபெருக்கியை அணைக்கும் சுவிச்சுக்குப் போனது.

(இந்த இடத்தில் பேனையைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். அணைத்தார் என்று எழுதினால் எல்லோரும் நம்புவார்கள். ஆனால் அவர் அணைக்கவில்லை.)

“ஓம் மீனம்மா, பிழைதான். இண்டையில இருந்து பாதி நிழல் உனக்கு,” என்றார். அது ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது.

பிறகு வரிசை கட்டி வந்தார்கள். கக்கூஸ் இல்லை என்றார் ஒருவர். புதுச்சந்தைக் கூரை நல்லதுதானே என்றார் இன்னொருவர். அக்கா ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பதில் சொன்னார். பதில் இல்லாத இடத்தில், “தெரியாது, கேட்டுச் சொல்லுறன்,” என்றார். நடராசா அண்ணை வேலையில்லாமல் வெற்றிலை போட்டார்.

6

அப்போது பிரசாந்தன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். (இவரை மீசையை முறுக்குபவராக எழுத ஆசைப்பட்டேன். ஆனால் அவருக்கு மீசை இல்லை.)

“எங்கட வேலையை எங்களிட்டயே படிச்சிட்டியளே அக்கா!”

“நல்லதை ஆரிட்டயும் படிக்கலாம் தம்பி. கேக்கிறது எங்களுக்கும் வரும். மீனம்மா, கேள்.”

“தம்பி, உங்கட கூரை நல்ல வடிவு. ஆனா நான் வாற பஸ் அங்க நிக்காது. இந்தக் கூடையோட நான் எப்பிடி உங்கட கூரைக்குக் கீழ வந்து சேருறது?”

சொல்லிவிட்டு மைக்கைப் பிரசாந்தன் கையில் கொடுத்தார்.

7

முடிவு ஒன்று: பிரசாந்தன் மனம் மாறிக் கண் கலங்கி... இல்லை. இது மறுபடியும் துண்டுப்பிரசுரம்.

முடிவு இரண்டு: அவர் எல்லோரும் மெச்சும்படி ஒரு பதில் சொல்ல, நாங்கள் மூன்றாவது தடவையும் – இதை எழுத எனக்கு மனமில்லை.

சபை என்ன முடிவெடுத்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். தெரிந்துவிட்டால் மீனம்மாவின் கேள்வியை மறந்துவிடுவீர்கள். எனக்கு அந்தக் கேள்விதான் பெரிது. மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு உதவியாக, நான் கண்டதை மட்டும் தருகிறேன்.

பிரசாந்தன் மைக்கை வாயருகே கொண்டுபோனார். அவருடைய மூச்சு மட்டும் சந்தி முழுக்கக் கேட்டது. கூடையைப் பார்த்தார். மைக்கை மீனம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். மோட்டார் சைக்கிளை உயிர்ப்பிக்காமல், தன் கடை இருக்கும் திசையை விட்டு, மீனம்மாவின் பஸ் வந்து நிற்கும் பஸ் நிலையத்தின் திசையில் தள்ளிக்கொண்டு போனார்.