சிக்கு என்று கேட்டது

கரோலினாவுக்கு முதலில் டேனிஷ் மறந்துபோயிற்று. பிறகு மகனின் பெயர். மிஞ்சியது இடுப்புவரை தொங்கும் வெள்ளை மயிரும், பிறந்த கிறீன்லாந்தின் பாஷையும்தான். அதிலும் பெரும்பாலும் ஒரு சொல். யன்னலோரம் நின்று, வருகிற போகிற எல்லோரிடமும் "சிக்கு?" என்று கேட்பாள்.

டென்மார்க்கில், சில்க்போர்க்கின் அந்த முதியோர் இல்லத்தில் டேனிஷ்காரர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அங்கே வேலைசெய்யும் பற்றிமாவுக்கு மட்டும் விளங்கியது. மன்னாரில் பிறந்த காது. சிக்கு என்றால் சிக்குத்தான். கிழவியின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். உண்மையாகவே சடைபிடித்துக் கிடந்தது. வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவி, சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். கரோலினா கண்ணை மூடி அடங்கிப்போனாள்.

"என்னகா, கிறீன்லாந்துக்காரி உன்னோட தமிழ் கதைக்கிறாவாமே?" என்றாள் கூட வேலைசெய்யும் விமலராணி. மட்டக்களப்புக்காரி, வாய் சும்மா இராது. "நாளைக்குப் புட்டு அவிச்சுத் தா எண்டும் கேப்பா, பாரு."

"நக்கலடியும். நீர் ஒருநாள் அந்தத் தலையைத் தொட்டனீரோ?"

அந்தப் பெருமையிலேயே பற்றிமா ஒரு மாரியைக் கழித்தாள். அடுத்த மாரியில், ஒரு பின்னேரம், மகன் வந்தான். நூக்கா என்று பெயர். கிறீன்லாந்தின் வடக்கே, உறைந்த கடலின்மேல் நாய்வண்டி ஓட்டி மீனும் சீல் மிருகமும் பிடிக்கிறவன். வேட்டை மும்முரமாக நடக்கும் தை மாதத்தில் அவனுக்கு இங்கே என்ன வேலை என்று யோசிக்கப் பற்றிமாவுக்குத் தோன்றவில்லை.

"லீவோ?" என்று டேனிஷில் கேட்டாள்.

"ஐஸ் இல்லை. நாயளுக்குத் தீன் போட வழியில்லை. கனக்க நாயளைத் துவக்காலை சுட்டுப்போட்டன்." மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னான். "வெள்ளைக் கரடியளும் பசியிலை ஊருக்குள்ளை வருகுது."

கரோலினா திரும்பினாள். "சிக்கு?"

பற்றிமா சீப்பை எடுத்தாள். நூக்கா தாயிடம் "நாமிக்" என்றான். கிழவி மறுபடி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல்லை எண்டு சொன்னனான்," என்றான் அவன். "கடல் உறைஞ்சிட்டுதோ எண்டு கேக்கிறா. சிக்கு எண்டால் கடல் ஐஸ். கன நாளாய்க் கேக்கிறாவோ?"

"ஓம்," என்றாள் பற்றிமா. "ஒவ்வொரு நாளும்."

அவன் யன்னலடிக்குப் போய்த் தாயின் பக்கத்தில் நின்றான்.

"அவ பிறந்த ஊரிலை இப்ப ஒருத்தரும் இல்லை. ஹெலிகொப்டரும் போகாது. வள்ளத்திலை போனால் பாறையிலை ஏறவேணும், அவவின்ரை இடுப்புக்கு ஏலாது. ஐஸ் இறுகினால் வண்டி வீட்டு வாசலுக்கே போகும். ஐஸ் வந்தவுடனை கடைசியா ஒருக்கால் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லித்தான் இஞ்சை விட்டனான். போன மாரி நல்லாய் இறுகினது. போன் எடுத்தனான், அம்மா ஊரைப் பற்றி ஏதும் கேக்கிறாவோ எண்டு. ஒரு பொம்பிளை கதைச்சா. ஊரைப் பற்றி ஒண்டும் இல்லை, சிக்கெடுத்துத் தலை இழுத்துவிடச் சொல்லித்தான் கேக்கிறா எண்டா. சரி, மறந்திட்டா எண்டு நானும் விட்டிட்டன். இனி அப்பிடி இறுகுமோ தெரியாது."

அந்தப் பொம்பிளை யார் என்று அவன் கேட்கவில்லை. அவள் கையிலிருந்த சீப்பை ஒருமுறை பார்த்தான். அவ்வளவுதான்.

போகும்போது சொன்னான்: "கேட்டால் இல்லை எண்டே சொல்லுங்கோ. அதை அவ தாங்குவா. வராத ஐஸுக்குக் காத்திருந்து பழகின மனிசி."

மறுநாள் காலை கரோலினா கேட்டாள். நாமிக் என்ற சொல் பற்றிமாவின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இரவே போனில் தேடி, அந்தப் பாஷையில் ஓம் என்பதற்கு என்னவென்று பார்த்து வைத்திருந்தாள்.

"ஆப்," என்றாள்.

கிழவிக்காகச் சொன்னதாகத்தான் நினைத்தாள். தன் நெஞ்சு ஆறவே சொன்னாள்.

கரோலினா சிரித்தாள். முன்வாயில் பல் இல்லை என்பதே அப்போதுதான் பற்றிமாவுக்குத் தெரிந்தது. கிழவி அலுமாரியைத் திறந்து கோட்டைப் போட்டாள், தொப்பியைப் போட்டாள், வாசலடிக் கதிரையில் போய் உட்கார்ந்து, சப்பாத்துக்காகக் காலை நீட்டினாள்.

"எங்ககா வெளிக்கிடுறா?" என்றாள் விமலராணி.

"ஊருக்கு."

"ஆர் கூட்டிப் போற?"

பற்றிமா குனிந்து கிழவியிடம் "நாமிக்" என்றாள். திரும்பவும் சொன்னாள். கிழவி காலை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். பற்றிமா சப்பாத்தை மாட்டிவிட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டைக் கரோலினா கோட்டோடு அந்தக் கதிரையிலேயே சாப்பிட்டாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகப் பற்றிமா தன் கோட்டை மாட்டியதும், கிழவியும் எழுந்து நின்றாள்.