கருங்காலிச் சுவர்

என் கணவர் கல்யாணராமனுக்கு இரண்டு மனைவிகள். ஒருத்தி நான், பாக்கியலக்ஷ்மி. இன்னொருத்தி, கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் மரவீடு. அவளுக்கு நூறு வயது தாண்டிவிட்டது, ஆனாலும் செல்லம் அவளுக்குத்தான். மழை வந்தால் ஒவ்வொரு பலகையாகத் தடவி ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். என் முழங்காலை அப்படி ஒருநாளும் அவர் விசாரித்ததில்லை.

பாலக்காட்டிலிருந்து இந்தத் தெருவுக்கு முதலில் பிழைக்க வந்தவர் இவருடைய கொள்ளுத்தாத்தா வெங்கிட்டு. மிளகும் தேயிலையும் அடுக்கிய கிடங்கில் கணக்கெழுதியவர். தேக்கும் பலாவும் சேர்த்து, ஆணியே அடிக்காமல், பலகைக்குள் பலகை செருகிக் கட்டிய வீடு இது. மற்ற குடும்பங்கள் எல்லாம் பிறகு வந்தவை. அவர்கள் கான்கிரீட்டுக்கு மாறிவிட்டார்கள். நாங்கள் மட்டும் மாறவில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் யாராவது பார்க்க வருவார்கள்.

வருகிறவர்களை இவர் கடைசியாகக் கூட்டிப் போகும் இடம் சமையலறையை ஒட்டிய சின்னப் பூஜை அறை. அதன் சுவர் மட்டும் கன்னங்கரேலென்று இருக்கும். "கருங்காலியாக்கும். வெங்கிட்டுத் தாத்தா இங்க உக்காந்துதான் ஜபம் பண்ணுவார்" என்பார் குரலைத் தாழ்த்தி. உடனே ஆளாளுக்குச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கழுத்திலிருந்த கருங்காலி மாலையைக் கழற்றிச் சுவரில் தேய்த்து, சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனார். நான் காப்பி கொடுத்தேன்.

எனக்கு வேண்டியது சார்ஜ் இல்லை, குளியலறை. எங்கள் குளியலறை முற்றம் கடந்து, கிணறு தாண்டி, பாசி பிடித்த படிகளுக்குக் கீழே இருக்கிறது. போன வருஷம் இடவப்பாதிப் பருவமழையில் அங்கே வழுக்கி விழுந்தேன். முழங்காலுக்குள் இப்போது ஒரு தகடு இருக்கிறது.

"ஏன்னா, சாமியைக் கூடத்துக்கு மாத்திட்டு, அந்தச் சின்ன அறையைக் குளிமுறி ஆக்கிடலாமே" என்று ஒருநாள் கேட்டேன். இவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஹெரிடேஜ் வீடுடீ! ஒரு ஆணி அடிக்கப்படாது."

"அப்போ மழைக்கு முன்னாடி நான் மாளவிகா ஆத்துக்குப் போறேன். அவ ஃப்ளாட்டுல ரெண்டு குளிமுறி இருக்கு. திரும்பி வருவேன்னு நெனச்சுக்காதேங்கோ."

மாளவிகா எங்கள் மகள், காக்கநாட்டில் இருக்கிறாள். நான் விளையாட்டாகச் சொல்வதாக இவர் நினைத்தார். கூடத்தில் என் பெட்டி தயாராக நின்ற பிறகும் அப்படித்தான் நினைத்தார்.

நான் கிளம்ப வேண்டிய அதே நாளில் ஸாதனா வந்தாள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற ஓர் அமைப்பில் வேலை பார்க்கும் பெண், பாலக்காட்டுப் பக்கம்தான். வீட்டு வாசலில் வைக்கப்போகும் பித்தளைத் தகட்டுக்கு விவரம் எழுத வந்திருந்தாள். பூஜை அறையில் கால் வைத்ததும் தரைப்பலகை ஒன்று அமுங்கியது. அவளோடு வந்திருந்த தச்சர் தங்கதுரை அதை மெல்லக் கழற்றினார். சுவரின் அடிப்பலகையும் கூடவே கையோடு வந்துவிட்டது.

ஸாதனா குனிந்து பார்த்தாள். பலகையைத் திருப்பி நகத்தால் சுரண்டினாள்.

"மாமா, தப்பா எடுத்துக்கப்படாது. இது கருங்காலி இல்லை. தேயிலைப் பெட்டிப் பலகை. மேல தார் மாதிரிக் கறுப்பாக் கீல் பூசியிருக்கா. பின்னாடி பாருங்கோ, எடையும் நம்பரும் அச்சடிச்சிருக்கு."

இவர் பார்த்தார். தரைக்கு அடியில் சரிவாகப் போட்ட கருங்கல் தளம் இருந்தது. அதிலிருந்து தண்ணீர் வெளியே போக ஓர் ஓவு. மூலையில், நடுவில் குழிவாகத் தேய்ந்த சின்னக் கல் ஒன்று.

"அது மஞ்சள் இழைக்கற கல்" என்றேன். "உங்க தாத்தா மஞ்சள் தேச்சுண்டு ஜபம் பண்ணினாரோ?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தங்கதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"குளிமுறியிலயா இத்தனை நாளா நைவேத்யம் பண்ணினேன்?" என்று இவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. பாவமாக இருந்தது.

"பாட்டி வெளியில போய்க் குளிக்க வேண்டாம்னு தாத்தா கட்டியிருக்கணும்" என்றாள் ஸாதனா. "வீட்டைக் கட்டி முடிச்சப்பறம் சேத்த அறையாக்கும் இது. தேக்குக்கு வழியில்லாம கிடங்குலேர்ந்து உடைஞ்ச பெட்டியைக் கொண்டுவந்திருப்பார். பின்னாடி வந்தவா யாரோ தரையை மூடிப் பூஜை அறை ஆக்கியிருக்கா. மாமா, பலகையைத் திரும்ப வெச்சு மூடிட்டா யாருக்கும் தெரியாது. தகட்டுல என்ன எழுதட்டும்? நீங்களே சொல்லுங்கோ."

தங்கதுரை பலகையும் கையுமாக நின்றார். வெளியே மேகம் கட்டியிருந்தது. இவர் கைநீட்டி அந்த மஞ்சள் கல்லைத் தொட்டார். ஒரு பெண் கை தேய்த்துத் தேய்த்து உண்டான குழி அது.

"பாக்கியம்" என்றார். "கையில காசில்லாத மனுஷன், பெட்டியை உடைச்சுப் பொண்டாட்டிக்கு மறைப்பு கட்டியிருக்கார். நான் அந்த மறைப்புக்குக் கற்பூரம் காட்டிண்டு, என் பொண்டாட்டியை மழையில அனுப்பியிருக்கேன்."

கேலி பேசியே பழகிய வாய்க்கு அப்போது அழுகைதான் வந்தது.

"நீ போகாதே" என்றார். பிறகு ஸாதனாவிடம் திரும்பி, "குளிமுறின்னே எழுது. இங்க தாத்தா பேர் வேண்டாம். பாட்டி பேரைப் போடு" என்றார்.

"பாட்டி பேர் என்ன மாமா?"

"கமலாக்ஷி."

அமாவாசைக்கு அமாவாசை தர்ப்பணத்தில் எள்ளும் தண்ணீருமாக இவர் சொல்லிவந்த பெயர்தான். அன்றைக்குத்தான் உள்ளே இருக்கிற ஒருத்தியைக் கூப்பிடுவது போல அதைச் சொன்னார்.

விளக்கையும் சாமி படங்களையும் இவரே சுமந்து கூடத்துக்குக் கொண்டுபோனார். நான் மாளவிகாவுக்குப் போன் செய்து வண்டி வேண்டாம் என்றேன். குழாய் வரும்வரை பெட்டி கூடத்திலேயே நிற்கட்டும் என்று இவரிடமும் சொல்லிவைத்தேன்.