கதம்பக் கல்லின் தெற்கு முகம்

என் கொழுந்தன் ஏழு வருடமாக ஒரே ஒரு மலைச்சரிவை ஆராய்ச்சி செய்கிறான். மலைகூட இதற்குள் கொஞ்சம் நகர்ந்திருக்கும், இவன் ஆய்வேடு நகரவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பேன். என் கணவர் தம்பிக்குப் பரிந்து பேசமாட்டார். வாயைத் திறந்தால் அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

அந்தச் சரிவில் இருப்பது கதம்பக் கல். ஒரு காலத்தில் கடலடித் தரை நிலத்துக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டதாம். பாயைச் சுருட்டும்போது கீழே கிடக்கிற சீப்பும் பொத்தானும் சேர்ந்து சுருளுமே, அப்படிச் சுண்ணாம்புக் கல், எரிமலைக் கல் எல்லாம் களிமண்ணோடு புரண்டு இறுகிப்போயிருக்கின்றன. மற்றவர்கள் பார்க்க லட்சணமான கட்டிகளைத் தூக்கி வருவார்கள். நம் ஆள் இடையில் இருக்கிற மண்ணைப் பொத்திப் பொத்தி எடுத்து வந்தான். எந்தப் பக்கம் வழுக்கியது என்பதை மண்தான் சொல்லுமாம்.

நான் அவன் துறையிலேயே கல் அறுப்பவள். கல்லை முடியைவிட மெல்லிய ஏடாகத் தேய்த்து, கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. அவன் கொண்டுவந்த பன்னிரண்டு துண்டில் பதினொன்று தொட்டதும் பொடிந்தது. மிஞ்சிய ஒன்றைப் பசையில் ஊறவைத்து நான்கு ஏடு எடுத்தேன். அதை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "கிழக்கு அண்ணி, கிழக்கு" என்றான். அதுவரை எல்லோரும் மேற்கு என்றே எழுதியிருந்தார்கள். ஆய்வேட்டில் புதிதாக இருந்தது அந்த ஒரு சொல்தான். தலைப்பிலேயே அதைப் போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை அலமாரியை ஒழித்தபோது அந்தக் கல்லின் மிச்சத் துண்டு கிடைத்தது. தெற்கு எந்தப் பக்கம் என்று அவன் வரைந்த அம்புக்குறி அப்படியே இருந்தது. சும்மா ஓர் ஏட்டை எடுத்து அதன்மேல் பொருத்தினேன். கல்லின் வெள்ளைக் கோடு ஒரு பக்கம் சாய்ந்தது, ஏட்டின் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ஏட்டைக் கவிழ்த்து வைத்தேன். கச்சிதமாகச் சேர்ந்தது.

தெற்கு முகம் மேலே தெரிய ஒட்டவேண்டியதை வடக்கு முகம் தெரிய ஒட்டியிருக்கிறேன். நான்கும் அப்படியே. இடம் வலமாகிவிட்டது. அவன் கண்ட கிழக்கு உண்மையில் மேற்கு.

மூன்று மணிக்குத்தான் அவன் அறைக்குப் போனேன்.

"அண்ணி, அட்டைக்கு நீலமா, பச்சையா?"

"அட்டை இருக்கட்டும். உன் கல்லை நான் திருப்பி ஒட்டிட்டேன்."

"இது இந்த வாரக் கிண்டலா?"

என் வாய்க்கு இது வேண்டும். துண்டையும் ஏட்டையும் மேசையில் வைத்தேன். அவன் பொருத்திப் பார்த்தான். திருப்பிப் பொருத்திப் பார்த்தான். பிறகு ஏட்டைக் கவிழ்த்து நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.

"திட்டுடா. திட்டிடு."

"எப்பப் பாத்தீங்க?"

"காலையில பத்து மணிக்கு."

"மூணு மணி வரைக்கும் என்ன பண்ணீங்க?"

"சொல்லாம விட்டுடலாமான்னு யோசிச்சேன்."

அவன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது.

"நானா இருந்தா செவ்வாய்க்கிழமை வரைக்கும் யோசிச்சிருப்பேன் அண்ணி."

கணினியைப் பக்கத்தில் இழுத்து, தலைப்பில் இருந்த அந்தச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அழித்தான். இன்னொரு வருடம் ஆகும் என்று இருவருக்கும் தெரியும். இந்த எட்டாவது வருடம் என்னால்தான் என்று வீட்டில் நானே சொல்லவேண்டும்.