மஞ்சள் பை நடை

எங்கள் குடும்பத்தில் யாரும் கூலியில்லாமல் வேர்த்ததில்லை. என் அப்பா பொன்னேரிப் பக்கத்து வயல்களில் அடுத்தவர் நாற்றுக்குக் குனிந்து குனிந்தே முதுகு வளைந்தவர். அதனால்தான் கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றில் ஃபோர்மேன் ஆன நாளிலிருந்து நான் நிமிர்ந்தே நிற்கிறேன். சட்டையில் கஞ்சி, வேட்டியில் மடிப்பு. கீழே சாவி விழுந்தால்கூட எடுத்துக் கொடுக்க யாராவது வரட்டும் என்று காத்திருப்பேன். வீடு பற்றி எரிந்தால்தான் ஓடலாம் என்பது என் கொள்கை. அடுத்தவர் வீடு என்றால் வேகமாக நடந்தாலே போதும்.

இப்படி நிமிர்ந்தே நின்றதில் ஐம்பத்தைந்து வயதில் சர்க்கரை ஏறிவிட்டது. பொன்னேரியில் பார்த்த டாக்டரம்மா, "தெனமும் காலையில நடங்க," என்றார். மாத்திரையை வேண்டுமானால் இரண்டாகப் போட்டுக்கொள்கிறேனே என்று பேரம் பேசினேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார். பேரம் படியவில்லை.

முதல் நாளே தெருமுனை டீக்கடையில் மாட்டிக்கொண்டேன். கடைக்காரன் மதிவாணன் எனக்குத் தூரத்து மருமகன் முறை.

"இன்னா மாமா, காலங்காத்தால எங்க கெளம்பிட்ட?"

"ஒரு வேலையா."

"உன் கம்பெனி பஸ்சு மத்தியானந்தானே?"

"இது வேற வேலை."

திரும்பி வரும்போதும் விடவில்லை. "வேல முடிஞ்சிதா மாமா? கையி வெறுங்கையா கீதே?"

'சும்மா நடக்கிறேன்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் தெருவில் சும்மா நடப்பவன் ஒன்று வேலை போனவன், இல்லையென்றால் புத்தி பேதலித்தவன். மானமுள்ள மனிதன் தெருவில் போனால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பை தேடினேன். இருந்தவற்றில் கௌரவமானது ஒன்றுதான். பட்டுக்கடையில் கொடுத்த மஞ்சள் பை, மாலையும் கழுத்துமாக மணமக்கள் படம் போட்டது. அதில் துண்டு, தண்ணீர் பாட்டில், புதிதாக வாங்கிய கேன்வாஸ் ஷூ மூன்றையும் போட்டு மறைத்துக்கொண்டேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோல் செருப்பு. ராகு காலம், எமகண்டம் பார்க்காமல் நான் எந்தக் காரியத்துக்கும் படியிறங்குவதில்லை. இதற்கும் அப்படித்தான்.

கம்பெனிகளின் மதில் சுவர் முடிகிற இடத்தில் ஏரிக்கரை தொடங்கும். அங்கே எருமைகளைத் தவிர யாரும் இல்லை. ஷூ மாட்டி, வேட்டியை மடித்துக் கட்டி நடப்பேன். முதலில் கடமைக்குத்தான் நடந்தேன். பிறகு கைகள் தாமாக வீச ஆரம்பித்தன. ஒரு நாள் கால்கள் ஓடின. நான் உத்தரவே கொடுக்கவில்லை. மதகு வரை ஓடி நின்றபோது நெஞ்சு அடித்துக்கொண்டது, காதோரம் வேர்வை வழிந்தது, ஏரிக் காற்று வந்து அதைத் தொட்டது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஓர் எருமை தலையைத் தூக்கிப் பார்க்கவே, சட்டென்று வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டேன். மருந்துக்கு நடப்பதை நாலு பேரிடம் சொல்லலாம். மருந்து இனிக்கிறது என்று எப்படிச் சொல்வது?

தெருவும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. மதிவாணன் கேள்வி கேட்பதை நிறுத்தினான். எதிர்வீட்டு சுப்பிரமணி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் நடையின் கம்பீரத்தில் எல்லோருக்கும் வாயடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த என் மகள் ரோஜா, சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "நைனா, எனக்குக் கல்யாணமாமே? பஸ்சுல அத்தினி பேரும் கேக்குறாங்க. தேதி சொல்லாட்டி போவுது, மாப்ள பேரையாவது சொல்லு."

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் என் தங்கை கங்கம்மாள் நின்றாள். பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள், கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். கையில் நான் பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த புடவை, மடிப்புக் கலையாமல் இருந்தது. அண்ணன் கொடுத்த புடவையைத் தங்கை திருப்பிக் கொடுத்தால், பிறந்த வீட்டு உறவு அன்றோடு அறுந்தது என்று எங்களில் அர்த்தம்.

"உள்ள வாம்மா."

"எதுக்கு? பத்திரிக வாங்கவா? அண்ணன் பொண்ணு கல்யாணம்னா மொத தட்டு அத்த ஊட்டுக்கு. நேத்து கோலம் போட்டுக்கினு கீறேன், என் வாசல தாண்டி பையோட போற. திரும்பிப் பாத்தியாண்ணா நீ?"

பார்க்கவில்லைதான். பார்த்தால் எங்கே போகிறாய் என்று கேட்பாளே.

"கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல கங்கா."

"அப்ப வெள்ள வேட்டி எதுக்கு? மஞ்ச பை எதுக்கு? நல்ல நேரம் பாத்துக் கெளம்புறியே, அது எதுக்கு? போவும்போது மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு போற, வரும்போது பல்லக் காட்டிக்கினு வர. சம்பந்தி ஊட்ல பேசி முடிச்சவன் மூஞ்சி அது!"

தெருவே வாசலில் கூடிவிட்டது. தங்கள் வீட்டையும் தாண்டிப் போனேன் என்ற கோபம் ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. கங்கம்மாள் புடவையை நீட்டினாள். "இந்தா. அண்ணன் ஊட்டுப் பொடவ எனக்கு வேணா."

அதை வாங்க என் கை எழவில்லை. உள்ளே போய் மஞ்சள் பையை எடுத்து வந்து படியில் கவிழ்த்தேன். ஷூ ஒன்று உருண்டு அவள் காலடியில் நின்றது.

"இன்னா இது?"

"நடக்கிறதுக்கு. எனக்குச் சர்க்கர."

அவள் முகம் மாறியது. "ஐயோ, எங்கண்ணனுக்கு நோவா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சுப்பிரமணி ஓடிவந்து என் தோளைப் பிடித்து, காலில் புண் உண்டா என்று விசாரித்தான். சற்று நேரத்தில் நான் மரியாதைக்குரிய நோயாளி ஆகிவிட்டேன். குடும்ப மானத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கங்கம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்:

"இனிமே நீ ஓரடி நடக்கக் கூடாது. கம்பெனில வேவறது பத்தாதா? கஷாயம் நான் வெச்சித் தரேன். பேசாம படு."

எனக்கு ஏரியும் மதகும் அந்த எருமையும் கண்ணில் வந்து நின்றன.

"நடப்பேன்."

"எதுக்கு?"

"புடிச்சிருக்கு."

"இன்னா புடிச்சிருக்கு?"

"ஓடறது."

கங்கம்மாளின் அழுகை பாதியில் நின்றது. "யாரு, நீயா? சாவி வுழுந்தா குனியாதவன் ஓடறியா? பொய்! பொண்ணுக்கு எங்கியோ முடிச்சிட்டுத்தான் சர்க்கர கிர்க்கரன்ற." புடவை மறுபடியும் என் முகத்துக்கு நேரே வந்தது. "என் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

போனோம். முன்னால் நான், பின்னால் என் மனைவி, யூனிஃபார்மில் ரோஜா, புடவையும் கையுமாகக் கங்கம்மாள், சுப்பிரமணி, அடுப்பை அணைத்துவிட்டு வந்த மதிவாணன், மீதித் தெரு. மேளம் மட்டும்தான் இல்லை. ஏரிக்கரையில், அத்தனை பேர் பார்க்க, நான் குனிந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டேன். வேட்டியை மடித்துக் கட்டி ஓடினேன். பின்னால் சிரிப்பும் விசிலும் கேட்டன. உயிர் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. மதகைத் தொட்டுத் திரும்பியபோதும் கால்கள் நிற்க மறுத்தன.

திரும்பி வந்தால், கங்கம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "வாத்து கணக்கா ஓடறியேண்ணா!"

நான் மூச்சு வாங்கியபடி அவள் கையைப் பார்த்தேன். புடவையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "இன்னா பாக்கற? இது என் பொடவ."

மதிவாணன் மட்டும் வாடிப்போய்க் கேட்டான்: "அப்ப கல்யாணம் இல்லியா மாமா? புதுச் சட்ட தைக்கக் குடுத்துட்டேனே."

மறுநாள் ஷூவோடு, வெறுங்கையோடு கிளம்பினேன். டீக்கடையில் மதிவாணன் பழக்க தோஷத்தில் கேட்டான்: "எங்க மாமா?"

"சும்மா," என்றேன்.

பின்னால் வேகமாக யாரோ வரும் சத்தம். கங்கம்மாள்தான். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் என் மஞ்சள் பை.

"அது எதுக்குடி? அதான் எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சே."

"உன்ன பத்தித் தெரியும். நானு பொம்பள, வெறுங்கையோட சும்மா போனா நாலு பேரு இன்னா நெனப்பாங்க?"